காணப்படும் விசுவாசம்: மாத்தளை தரும் சான்றுகள்

சமயச் சான்றோரின் வரலாறுகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றின் மொழியழகையும் பக்திச் சுவையையும் எடுத்துரைப்பதோடு அமைந்துவிடுகின்றனர். அவ்வரலாறுகள் எந்நிகழ்ச்சியை முன்னிறுத்துகின்றன, எதனைப் பின்தள்ளுகின்றன என்ற வினா எழுவது அரிது. கிறித்தவ விசுவாசம் பிறர் காணும் வாழ்வாக மலர்வது எவ்வாறு என்பதை ஆராய்வதற்கு இவ்வினாவே ஏற்ற வாயிலாகும். அதற்கு மாத்தளைப் பிரதேசமும், அது அடங்கியிருந்த பழைய கண்டி இராச்சியமும் தக்க சான்றுகளைத் தருகின்றன.

இயேசுவின் மலைப்பொழிவிலேயே இப்பொருள் பற்றி இருவேறு போதனைகள் உள. நற்செயல்கள் பிறர் காணுமாறு ஒளிர வேண்டும் என்பது ஒன்று. அறம் செய்வதைப் பிறர் அறியாவண்ணம் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. இவை முரண்பட்டவை போலத் தோன்றினும், செய்பவனது நோக்கத்தைக் கருதுமிடத்து முரண் நீங்கும். காட்டுவதற்காகச் செய்யப்படுவது வேறு. செய்யப்படுவதனாற் காணப்படுவது வேறு.

மாத்தளை மாவட்டத்துக் கலேவெலைக்கு அண்மையிலுள்ள வஹக்கோட்டை தொன்மையான கத்தோலிக்கக் கிராமமாகும். பதினேழாம் நூற்றாண்டிற் கண்டி மன்னராற் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழியினர் வாழ்ந்த ஊர் இது என்பது வழிவழிச் செய்தி. கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய அக்காலத்திற் குருக்களைக் காண்பதே அரிதாயிற்று. அத்தகைய சூழலில் விசுவாசத்தைக் காத்தது பிரசங்கமன்று; பௌத்த அயலவரின் கண்முன்னே நடந்த அன்றாட வாழ்வே எனலாம்.

இந்நிலையிற்றான் கோவாவிற் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். அவரைப் பற்றிய கதைகளிற் பெரிதும் விரித்துரைக்கப்படுவது, வறட்சிக் காலத்தில் அவர் வேண்டுதல் செய்ய மழை பொழிந்தது என்னும் அற்புதமாகும். ஆனால் 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியபோது நிகழ்ந்ததோ வேறு வகையினது. மன்னரும் பிரதானிகளும் நகரை நீங்கினர். நோயுற்றோர் உறவினராலேயே கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவர் மருகர் யோசேப் கர்வாலோவும் அவர்களுக்கு உணவளித்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். சமய வேற்றுமை அங்குப் பார்க்கப்படவில்லை.

மழை அற்புதத்தை முன்னிறுத்துவது கதைச்சுவைக்கு உதவும். ஆயின் அது விசுவாசத்தைப் பின்பற்றவியலாத ஒன்றாக ஆக்கிவிடுகிறது. மழையைக் கண்டவன் வியப்பான். புண் கழுவிய கையைக் கண்டவனோ தன் கையையும் நோக்குவான். எனவே திறனாய்வு இவ்வரிசையை மாற்றுதல் வேண்டும். சேவையும் மதமாற்றத்துக்கான உபாயமே எனச் சிலர் மறுக்கலாம். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அடிகளாரை ஆதரித்தானேயன்றி மதம் மாறினானல்லன். அதனால் அடிகளாரின் தொண்டு குறையவுமில்லை. 1711இல் கண்டியிலேயே அவர் மறைந்தார். 2015இல் திருச்சபை அவரைப் புனிதரென அறிவித்தது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது பத்தொன்பதாம் நூற்றாண்டின் அனுபவம். தென்னிந்தியத் தொழிலாளர் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாய் மலையகம் ஏறினர்; வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களிடையே 1854இல் தொடங்கப்பெற்ற புரட்டஸ்தாந்தப் பணி 'தமிழ்க் கூலி மிஷன்' எனப் பெயர் பெற்றது. அது எழுத்தறிவு பரவுவதற்கு உதவியமையை மறுத்தலாகாது. ஆயினும் தோட்டத்துரைமாரின் பொருளுதவியோடும் அனுமதியோடும் லயத்துக்குட் புகுந்த போதகரைத் தொழிலாளி எவ்வாறு கண்டிருப்பான்? அன்பைக் கண்டானா, அதிகாரத்தின் நிழலைக் கண்டானா? தான் பணிசெய்ய வந்த மக்களைக் 'கூலி' எனச் சுட்டிய பெயரே அவ்வையத்துக்கு இடந்தருகிறது. சாட்சியின் பெறுமதியை நிறுப்பவன் அதனைக் காட்டுபவனல்லன், காண்பவனே என்பது இதனாற் பெறப்படும்.

இன்றும் வஹக்கோட்டைப் புனித அந்தோனியார் ஆலயத்திற்குப் பிற சமயத்தவரும் வந்து வணங்கிச் செல்கின்றனர். கூட்டத்தின் பெருக்கத்தை மட்டும் எண்ணி மகிழ்வது மழைக் கதையை மட்டும் சொல்லி அமைவது போன்றதே. அம்மாவட்டத்துத் தோட்டங்களில் இன்னும் பழைய லயங்களில் வாழ்வோரிடம் அவ்விசுவாசம் எந்த வடிவிற் சென்று சேர்கிறது என்பதே கேட்கப்படவேண்டிய வினா. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நூலாசிரியர் மட்டுமல்லர். அவ்வரலாற்றைத் தம்முடையதெனக் கொண்டாடும் அனைவருமேயாவர்.