கிளீவ்லாந்து தியாகராஜர் ஆராதனை: திதியும் பாடாந்தரமும்

தியாகராஜர் 1847 சனவரியில் மறைந்தார். அம்மறைவு நிகழ்ந்த புஷ்ய பகுள பஞ்சமியன்றே திருவையாற்றில் ஆராதனை ஆண்டுதோறும் நிகழ்கிறது. 1978இல் தொடங்கிப் பின்னர்க் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் வேரூன்றிய ஒஹாயோ ஆராதனையோ ஈஸ்டரை ஒட்டி அமைகிறது. திதியின் இடத்தை விடுமுறைக் காலம் பிடித்துக்கொண்டது எனக் குறைகூறுவது எளிது. ஆயின் அக்குறை வலுவற்றது. திருவையாற்றிலேயே பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பலரும் கூடிப் பாடும் வழக்கம் 1940ஐ ஒட்டித்தான் நிலைபெற்றது. சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் போராடிய பின்னரே பெண்களுக்கும் அங்குப் பாட இடம் கிடைத்தது. மரபெனச் சுட்டப்படுவதே அண்மைக்காலத்தது.

கருதத்தக்கது வேறொன்று. நாட்டை முதல் ஸ்ரீ வரையிலான ஐந்தையும் பெருந்திரளானோர் ஒருசேரப் பாட ஒரே பாடம் வேண்டும். உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் எனச் சீடர் வழிகள் காத்துவந்த வேறுபாடுகள் அக்கூட்டொலியில் அடங்கிவிடுகின்றன. திருவையாற்றுப் பந்தலில் அமரும் வித்துவானுக்கு இதனால் இழப்பில்லை. குருமுகமாகப் பெற்ற பாடாந்தரம் அவரிடம் உண்டு. அமெரிக்காவில் பிறந்து, ஒலிப்பதிவைக் கேட்டு ஆராதனைக்கென ஐந்தையும் மனனம் செய்யும் சிறாருக்கோ அப்பொதுப்பாடமே முதற்பாடம். சிலருக்கு அதுவே முடிந்த பாடமாகவும் அமைந்துவிடக்கூடும். இதனைப் போட்டிகள் ஈடுசெய்வதில்லை. பிழையின்மையே அங்கு முதன்மை அளவுகோலாகிவிடுகிறது. போட்டிகளும் கச்சேரிகளும் பல நாள்கள் தொடரும் அவ்வளாகத்தில், ஒரே கீர்த்தனையின் இரு பாடங்களை அடுத்தடுத்துப் பாடிக்காட்டும் அமர்வொன்றை அமைப்பது அரிதன்று. அங்கு வந்து பாடும் வித்துவான்களே வெவ்வேறு வழியினர்.