தேன் பாட்டிலில் இல்லாத வரி

அடுத்த முறை 'மலைத்தேன்' வாங்கும்போது பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துப் பாருங்கள். மலை இருக்கும், அருவி இருக்கும், தலையில் இறகு செருகிய ஒரு ஆதிவாசிகூட இருக்கலாம் (நீலகிரிக்கு இறகு எப்படி வந்ததோ, ஹாலிவுட்டைத்தான் கேட்க வேண்டும்). எடுத்தவருக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற வரி மட்டும் நான் பார்த்த எதிலும் இல்லை. பி.காம். புத்திக்கு அதுதான் உறுத்துகிறது.

'சுத்தமானது' என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 13 பிராண்டுகளில் எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே மூன்று. மற்றதில் சர்க்கரைப் பாகு வேலை. பாகோடு விலையில் போட்டி போட, பாறையில் தொங்குகிறவரால் முடியுமா?

தொங்குவது என்றால் நிஜமாகவே தொங்குவது. குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் காட்டுக்கொடி ஏணி கட்டி, புகை போட்டு இறங்குகிறார்கள். மேலே ஏணிக்குக் காவல் மச்சான் என்பார்கள். கூடப் பிறந்தவளை விதவையாக்க மனசு வராதே! எந்த எல்.ஐ.சி. பாலிசியும் இதற்கு ஈடில்லை.

இத்தனைக்கும் பிறகு விலை வியாபாரி சொன்னதுதான். தேன் கோடையில் சில மாதம். அரிசிக்கும் மருந்துக்கும் செலவு வருஷம் பூராவும். மழைக்காலத்தில் அட்வான்ஸ் கொடுத்தவரிடம் கோடையில் பேரமா பேசுவது? எங்கள் வைத்திக்குப்பத்துக் கரையில் கேட்டாலும் சொல்வார்கள், கடன் வாங்கி வலை போட்டால் மீனுக்கு விலை வைப்பது யார் என்று.

கோத்தகிரியில் இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். 1993-ல் தொடங்கிய கீஸ்டோன் அறக்கட்டளை தேன் எடுப்பவர்களோடு வேலை செய்யத் தொடங்கியது. 2010-ல் விற்பனைக்கென்று 'லாஸ்ட் ஃபாரஸ்ட்'. 2013-ல் 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்'. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான். ஏனென்றால் இதில் ஆதிவாசி சப்ளையர் மட்டுமல்ல, பங்குதாரர். 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தபோது உறுப்பினர்கள் 1,700 பேர், 147 கிராமங்கள்.

சபாஷ். ஆனால் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை. வியாபாரியை வில்லனாக்குவது சுலபம். ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக ரொக்கம் கொடுத்தது அவர்தானே? அவரை ஜெயிக்க வேண்டுமானால் கோடையில் கைமேல் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தத் தேனோ தீபாவளி, பொங்கல் என்று வருஷம் முழுக்க மெல்ல மெல்ல விற்கும். நடுவில் முடங்கும் பணத்துக்கு வட்டி யார் தலையில்? சமூகத் தொழில் முனைவோர் மேடைகளில் கண்ணீர் வரவழைக்கும் கதைகள் நிறைய. வொர்க்கிங் கேபிடல் பற்றிய பேச்சு குறைச்சல்.

2006 வன உரிமைச் சட்டம் தேனைப் பெயர் சொல்லிச் சேர்த்து, எடுக்கவும் விற்கவும் உரிமை கொடுத்தது. 2020-ல் காட்டுத் தேனுக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச ஆதரவு விலை கிலோ 225 ரூபாய். உரிமை வந்தது, விலை வந்தது, முதல் வரவில்லை. டிராக்டருக்குக் கடன் தரும் வங்கிகள், டிரம்மில் நிற்கும் தேனை நம்பி ஒரு வருஷக் கடன் தந்தால் என்ன?

அதுவரை அந்த வரியையாவது லேபிளில் போடலாம்: 'எடுத்தவருக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய்.' ஆதிமலைக்காரர்களே முதலில் போடட்டும். பக்கத்துத் தட்டு பாட்டில்களுக்கு அப்புறம்தான் வேர்க்க ஆரம்பிக்கும்.