சுழலும் நரம்பு

1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், கார் கழுவும் இடத்துச் சுழல் பிரஷ்களைக் கவனித்த ஜார்ஜ் பாலஸ், பாப்கார்ன் டப்பாவில் துளையிட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்துப் புல் வெட்டிப் பார்த்தார். நரம்பு சுழலும் புல்வெட்டி மெஷின் பிறந்தது அப்படித்தான். அந்த நரம்பின் அழகே தனி. வேலிக்கால் இடுக்கிலும் சுவரோரத்திலும் கத்தி எட்டாத புல்லைச் சீவிவிடும். கல்லில் பட்டால் நுனி மட்டும் தேயும்; சுழலும் தலையைத் தரையில் ஒரு தட்டு தட்டினால் புது நரம்பு நீளும். இளமரத்துப் பட்டையில் மட்டும் படவிடக் கூடாது.

இந்த மெஷினில் எதை வாங்குவது? இடுப்பளவு புதருக்குப் பெட்ரோல் இன்ஜின்தான். ஆனால் டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் கலக்கணும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். சின்ன முற்றத்துக்குக் கரண்ட் ஒயர் வைத்ததே போதும், விலையும் குறைவு. நடுத்தரத் தோட்டத்துக்கு என் ஓட்டு பேட்டரிக்கே: பட்டனை அழுத்தினால் ஓடும், புகை கிடையாது. அதே பேட்டரி இலை ஊதும் மெஷினுக்கும் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.