வாக்குமூலமும் பொலிஸ் அத்தியட்சகரும்

அகதா கிறிஸ்ரியின் துப்பறியும் நாவல்களை ஆராய்வோர் பொய்ரோவைத் தாண்டிச் செல்வது அரிது. ஐந்து நாவல்களில் இடம்பெறும் ஸ்கொட்லண்ட் யாட் அத்தியட்சகர் பற்றல், மரத்திற் செதுக்கியது போன்ற முகத்தினர். 1925இல் வெளிவந்த முதல் நாவலில், கொலை நிகழ்ந்த சிம்னீஸ் மாளிகையிலே அவர் பிரபுக்களின் மனங்கோணாது நடமாடுகிறார். அதற்குமேல் அங்கு கூறத்தக்கது அதிகமில்லை.

‘பூச்சியத்தை நோக்கி’ எனப் பொருள்படும் தலைப்புடைய 1944ஆம் ஆண்டு நாவல் வேறானது. அதன் தொடக்கத்திலே பற்றலின் மகள், பாடசாலையில் தான் செய்யாத களவை ஒப்புக்கொள்கிறாள். சந்தேகத்தின் பாரம் தாங்காத பிள்ளை ஒப்புதலிலே ஓய்வு தேடுகிறாள். பின்னர், கடலோர மாளிகையொன்றில் முதிய சீமாட்டி கொல்லப்பட, சான்றுகள் ஒட்றி என்னும் பெண்ணைச் சுட்டுகின்றன. அவள் மறுத்துரையாது அடங்கி நிற்கையில் பற்றல் அவளிடம் தம் மகளையே காண்கிறார். ஒப்புதல் அச்சத்தின் விளைவாகவும் இருக்கலாம் என ஒரு பொலிஸ் அதிகாரி உணரும் இவ்விடத்திலே நாவல் வெறும் புதிர்க்கதை என்ற நிலையைக் கடந்து விடுகிறது.

ஆயின், இறுதியிற் கொலையாளியைச் சீண்டி நிலைகுலையச் செய்து உண்மையை வெளிக்கொணரும் காட்சி, ஆசிரியை தாம் கண்டதைத் தாமே மறந்தமையைக் காட்டுகிறது. இன்னொன்று: ஒட்றி, அத்தியட்சகருக்கு மகளை நினைவூட்டினாள். அவளிடத்தில் மாளிகையின் வேலைக்காரி ஒருத்தி நின்றிருப்பின் அம்முகம் அவருக்கு யாரை நினைவூட்டியிருக்கும்? நாவல் அவ்வினாவை எழுப்பவில்லை.