திணை மாறிய ஒரு சொல்

கம்ப்யூட்டர் நமக்கு எப்போதுமே அஃறிணை. வந்தது, ஓடியது, பழுதானது என்றுதான் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்தது உயர்திணையில். 1613-லேயே அச்சில் காணப்படும் அதற்குக் கணக்கிடும் ஆள் என்று பொருள். கற்பிப்பவர் டீச்சர்; கணக்கிடுபவர் கம்ப்யூட்டர். அந்த ஆள் யார் என்று கேட்டால் பெண்கள் வருகிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் எட்வர்ட் பிக்கரிங் பெண்களைக் கம்ப்யூட்டர்களாக அமர்த்தினார். கண்ணாடித் தகடுகளில் பதிவான விண்மீன்களை அளந்து வகைப்படுத்துவது வேலை. கூலி மணிக்கு 25 சென்ட் போல. 'பிக்கரிங்கின் அந்தப்புரம்' என்று கேலிப்பெயர் வேறு. சில விண்மீன்களின் ஒளி கூடிக் குறையும் காலத்துக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்பு உண்டு என்று அங்கே கண்டறிந்தவர் ஹென்ரியேட்டா லெவிட். விண்வெளித் தொலைவுகளை அளக்க வழி திறந்த அந்த அறிக்கை 1912-இல் பிக்கரிங்கின் கையொப்பத்தோடு வெளிவந்தது. தயாரித்தவர் லெவிட் என்ற குறிப்பு உள்ளே இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் தேவை பெருகியது. லாங்லி ஆய்வகத்தில் கறுப்பினப் பெண் கம்ப்யூட்டர்களுக்குத் தனிப் பிரிவு, உணவறையில் தனி மேசை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெண்கள் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டார்கள். மேசைக் கணக்குக் கருவியோடு உட்கார்ந்தால் ஒரு பாதைக்கே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆயிரம் மணி நேரக் கணக்கீட்டு உழைப்பைக் குறிக்க 'கிலோகேர்ள்' என்று ஓர் அலகே புழங்கியது. குதிரைத் திறன் போலப் பெண் திறன்.

1946-இல் அதே பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற எந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டது. அதன் முழுப்பெயரின் கடைசிச் சொல் கம்ப்யூட்டர். அதற்கு நிரல் அமைக்க இந்தப் பெண்களிலிருந்தே ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். அறிமுக விழாவில் ஓடிக் காட்டிய கணக்கு அவர்கள் அமைத்தது. அன்றைய விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. வேலை அவர்களிடமே இருந்தது. பெயர் மட்டும் எந்திரத்துக்குப் போய்விட்டது. போன இடத்தில் அதற்கு மதிப்பும் கூடியது.

கணிப்பொறி, கணினி என்று நாம் சொல்லாக்கம் செய்தபோது இந்த மாற்றம் முடிந்திருந்தது. ஆகவே தமிழ்ச் சொல்லில் ஆளின் சுவடே இல்லை. கணக்கறிந்து காலம் சொன்னவனுக்குக் கணியன் என்று பழைய பெயர் உண்டு, அதுவும் ஆண்பால். 1980-இல் இலண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் பெருக்கிச் சொன்ன சகுந்தலா தேவியை 'மனிதக் கணினி' என்று புகழ்ந்தோம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றாலே மனிதர்தான். இன்று ஒரு பெண்ணின் அறிவைப் பாராட்ட எந்திரத்தை உவமையாக்கி, முன்னால் 'மனித' என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது.

கணினியின் தந்தை யார் என்று பள்ளியில் கேட்கிறார்கள். சார்லஸ் பாபேஜ் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். வாங்குங்கள். கூடவே அந்தப் பெயரில் கூலி வாங்கியவர்கள் யார் என்றும் வகுப்பில் கேளுங்கள்.