லேர்னிங் தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்: ஒரு குறிப்பு

ஹேய்ஸும் ஹோரோவிட்ஸும் எழுதி 2016ல் வந்த இந்த ஆய்வகப் புத்தகம் கணக்கைக் குறைத்துக் கையை வேலை வாங்குகிறது. 15 வோல்ட்டை இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்களால் பிரித்தால் நடுவில் 7.5. அங்கிருந்து தரைக்கு இன்னொரு 10 கிலோஓமைப் போடுங்க, 5க்கு இறங்கிடும். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின தெவனின் தேற்றம் இதுதான், மீட்டர்லயே தெரியுது. அடுத்த கட்டம் முந்தைய கட்டத்தை இழுத்துவிடாம எப்படி இணைப்பது என்ற கவலை புத்தகம் முழுக்க ஓடுகிறது.

8051 சிப்பை வைத்து ஒயர் ஒயராகக் கம்ப்யூட்டர் கட்டச் சொல்வதைப் பழசுன்னு தள்ள மாட்டேன். ஆர்டுயினோவில் அட்ரஸ் பஸ் கண்ணுக்கே படாது. என் குறை வேற. இது ஹார்வர்டு வகுப்பிலிருந்து வந்த புத்தகம். ஆஸிலோஸ்கோப் மேசைமேல் இருக்கும்னு எடுத்துக்கொள்கிறது. வீட்டில் மல்டிமீட்டர் மட்டும் வைத்திருப்பவருக்குப் பாதி சோதனைகள் வெறும் வாசிப்புதான்.