சகோதரியின் ஆய்வுகள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நரம்பியல் அறிவியலாளர் பென் பாரெஸ் ஒரு கருத்தரங்கில் பேசி முடித்ததும், கேட்டிருந்த பேராசிரியர் ஒருவர் பாராட்டினாராம்: உரை அருமை, எப்படியும் இவருடைய ஆய்வுகள் இவர் சகோதரியின் ஆய்வுகளைவிட எவ்வளவோ மேலானவை என்று. அப்படியொரு ஆய்வாளர் சகோதரி பாரெஸுக்கு இல்லை. அவர் ஒரு திருநம்பி. பெண்ணாக அறியப்பட்டிருந்தவர் 1997இல் ஆணாக வாழத் தொடங்கினார். பேராசிரியர் ஒப்பிட்ட இருவரும் ஒருவரே.

இந்தச் சம்பவத்தை பாரெஸ் 2006இல் 'நேச்சர்' இதழில் எழுதிய 'பாலினம் ஒரு பொருட்டா?' என்ற கட்டுரையில் சொல்கிறார். அறிவியலின் உயர்மட்டத்தில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு உள்ளார்ந்த திறன் வேறுபாடும் ஒரு காரணமாகலாம் என்று ஹார்வர்டு தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் 2005இல் பேசியிருந்தார். அதற்கான மறுப்பு இது. எம்.ஐ.டி.யில் படித்தபோது, வகுப்பில் வேறு யாராலும் முடியாத கடினமான கணக்கை பாரெஸ் போட்டுவிட்டார். காதலன்தான் போட்டுக் கொடுத்திருப்பான் என்றார் ஆசிரியர். ஆணான பிறகு, தன் கடந்தகாலம் தெரியாதவர்களிடம் ஒரு வாக்கியத்தைக் குறுக்கீடு இல்லாமல் சொல்லி முடிக்க முடிகிறது என்கிறார்.

கட்டுரையின் வலிமை இங்கேதான். பாகுபாட்டைப் பற்றி ஒரு பெண் பேசினால், "உங்கள் ஆய்வு போதுமான தரத்தில் இல்லாமல் இருந்திருக்கலாமே" என்ற பதில் தயாராக இருக்கும். பாரெஸிடம் அது செல்லாது. அதே படிப்பு, அதே நிறம், அதே மூளை. மாறியது பாலினம் மட்டுமே.

ஆனாலும் இக்கட்டுரையை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு இரண்டு நெருடல்கள்.

முதலாவது, இதைப் பெண்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். 1997இல் அதே 'நேச்சர்' இதழில் கிறிஸ்டீன் வென்னெரோஸ், ஆக்னஸ் வோல்டு என்ற இரு பெண் விஞ்ஞானிகள் ஸ்வீடனின் மருத்துவ ஆய்வு நிதித் தேர்வுகளை அலசினார்கள். ஆணுக்குக் கிடைக்கும் அதே மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் சுமார் 2.5 மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது என்று காட்டினார்கள். பாரெஸ் அதைச் சுட்டிக்காட்டவே செய்கிறார். ஆனால் நம் நினைவில் தங்குவது அவருடைய கதைதான். பெண்கள் எண்களோடு சொன்னதை, ஓர் ஆண் அனுபவமாகச் சொன்னபோதுதான் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நானும்தான்.

இரண்டாவது, அவருடைய சொந்த உதாரணங்களில் வருபவர் எப்போதும் வகுப்பின் மிகச் சிறந்த மாணவி. சராசரியான ஆண்களுக்கு ஆய்வகக் கதவு திறந்தே இருக்கிறது. சராசரியான பெண்ணுக்கும் அது திறக்க வேண்டும் என்று கேட்க இந்தக் கட்டுரை உதவாது.

பாரெஸின் தாக்கத்தை இந்த ஒரு கட்டுரையால் மட்டும் அளக்கவும் கூடாது. நியூரான்களைத் தாங்கிப் பிடிக்கும் பசை என்றே நெடுங்காலம் கருதப்பட்ட கிளியா செல்களுக்காக அவர் வாழ்நாளைச் செலவிட்டார். நியூரான்களுக்கிடையே இணைப்புகள் உருவாகவும் வலுப்பெறவும் அந்தச் செல்கள் தேவை என்று அவருடைய ஆய்வகம் காட்டியது. கிளியாவைப் பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்கு உவமையாக்க எளிதில் தோன்றும். அதைவிட, அந்த ஆய்வகத்தை அவர் நடத்திய விதம் நமக்கு அதிகம் சொல்கிறது. வெளியேறும் இளம் ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுப் பொருளைத் தங்களோடு எடுத்துச் செல்ல விட்டார். மற்ற பேராசிரியர்களும் விட வேண்டும் என்று 2017இல் வலியுறுத்தி எழுதினார். அங்கே பயின்ற பெத் ஸ்டீவன்ஸ், மூளையில் இணைப்புகள் கத்தரிக்கப்படும் விதத்தைத் தன் சொந்த ஆய்வுத் துறையாகவே வளர்த்தெடுத்தார்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் 'பயனியர்' விருது 2004இல் முதன்முறை வழங்கப்பட்டபோது, பெற்ற ஒன்பது பேரும் ஆண்கள். தேர்வு முறையை மாற்றச் சொல்லிப் போராடியவர்களில் பாரெஸும் ஒருவர். முறை மாறியது. அடுத்த ஆண்டு விருது பெற்ற 13 பேரில் 6 பேர் பெண்கள். ஓராண்டில் பெண்களின் மூளை வளர்ந்துவிடவில்லை.

2017 டிசம்பரில் பாரெஸ் காலமானார். ஆணாகக் கிடைத்த செவியை அவர் வீணாக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் செவி அவருடைய 'சகோதரி'க்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியை மட்டும் நாம் கைவிட்டுவிடக் கூடாது.